பாண்டியன் நாற்காலி

மாடி ஏறி வாருங்கள். அண்ணாசாலையின் இரைச்சலை முதுகுக்குப் பின்னே விட்டு, தேனாம்பேட்டையின் பழைய அச்சகம் ஒன்றின் பக்கவாட்டில் இருக்கும் மரப்படிகளில் ஏறி வாருங்கள். மேலே ஓர் அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஓர் அநீதி நடந்தது. இரத்தம் சிந்தவில்லை, குரல்கூட உயரவில்லை. தேநீர் கொடுத்து, அம்மா என்றும் மாமி என்றும் மரியாதையாக அழைத்து, ஒரு பெண்மணியை அவருக்கு உரிய இடத்திலிருந்து எழுப்பி அனுப்பினார்கள். அந்த அறையில் அவருக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே நீங்கள் வர வேண்டும். நின்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுச் சும்மா வீடு திரும்பவும் நான் விடப்போவதில்லை.

அந்த அறை கருணாகரனுடையது. கீழே இருக்கும் அச்சகமும் அவருடையதுதான். திருமண அழைப்பிதழ்களே அங்கே பெரும்பகுதி வேலை. பழைய அரசர்களின் கதைகளில் தீராத மோகம் கொண்ட அவர், இளமையில் ஓர் ஆட்டத்தை உருவாக்கி அதற்கு 'முடியுரிமை' என்று பெயரிட்டார். தடித்த அட்டையில் இடைக்காலத் தமிழகத்தின் வரைபடத்தை அச்சடித்தார். சோழர், பாண்டியர், சேரர், போசளர் என நான்கு குலங்கள். மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். மன்னர்களுக்கும் அரசிகளுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய சீட்டுகளை, மிஞ்சிப்போன அழைப்பிதழ்களிலிருந்து வெட்டிக்கொண்டார். எந்த மன்னனைத் திருப்பினாலும் பின்புறத்தில் யாரோ ஒரு மணமகனின் பாதிப் பெயர் இருக்கும்.

அந்த ஆட்டத்தில் போர் நடத்துவது எளிது; சாவதுதான் கடினம். ஒரு சுற்று என்பது ஓர் ஆண்டு. மன்னனுக்கு ஒவ்வோர் ஆண்டும் பகடை உருட்ட வேண்டும்; வயது ஏற ஏறத் தீய எண்களும் கூடும். தீய எண் விழுந்தால் அவன் கதை முடிந்தது. முடிந்த அந்தக் கணத்தில் மேசையின் மீது ஒரே ஒரு கேள்வி எழும்: நாடு யாருக்கு?

சில குலங்களுக்குப் பங்கு முறை. மகன்கள் எத்தனை பேரோ அத்தனை துண்டாக நாடு பிளக்கும்; ஆடுபவரிடம் மூத்தவனின் துண்டு மட்டுமே தங்கும். சில குலங்களுக்குத் தலைமகன் முறை. எல்லாம் மூத்தவனுக்கு, மகன் இல்லையென்றால் உடன்பிறந்தானின் மகனுக்கு. இந்தச் சிக்கல்கள் எல்லாவற்றையும் தவிர்க்க ஒரு வழி இருந்தது. மன்னன் உயிரோடு இருக்கும்போதே, மேசையில் உள்ளவர்கள் அனைவரும் கேட்க, இன்னார் எனக்குப் பின் என்று வாய்விட்டுச் சொல்லி இளவரசுப் பட்டம் கட்டிவிட்டால், பங்கும் இல்லை, பகையும் இல்லை. ஆனால் ஆடுபவர்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். தம் மன்னன் இந்த ஆண்டே சாவான் என்று யார் நினைக்கிறார்கள்?

மகளுக்கு அரியணை கிடையாது. அவளுடைய உரிமை அவளோடு கணவன் வீட்டுக்குப் போகும். பிறந்த வீட்டில் ஆண்வழி அற்றுப்போனால் மட்டும் அவளுடைய மகன் அந்த நாட்டைக் கேட்கலாம். அரியணைக்கு உரிய மகன் எவனும் சிறுவனாக இருந்தால், அவனுக்கு வயது வரும் வரை தாய் ஆளலாம். அதற்குத் தாயாட்சி என்று பெயர். இதையும் கருணாகரனே எழுதியிருந்தார். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சீட்டுகளுக்கு எழுதிய இந்தச் சட்டம் எப்போது மனிதர்கள்மேல் ஏறியது? போசளர் நாற்காலியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஷாஹுல் ஹமீதும், சோழர் நாற்காலியில் கருணாகரனும் தொடக்கம் முதலே இருந்தார்கள். சேரர் நாற்காலியில் இருந்தவர் ஒருநாள் உண்மையிலேயே காலமானார். ஆட்டம் நின்றுவிடக் கூடாதே என்று, அவருடைய மகன் சாய்நாத்தை அழைத்து அமர்த்தினார்கள். அவர் அடையாற்றில் ஒரு கல்லூரி விரிவுரையாளர். அன்றிலிருந்து அது விதியாயிற்று: ஒருவர் இறந்தால், அவருடைய குலத்துக்கு மேசையில் என்ன முறையோ, அந்த முறைப்படியே நாற்காலியும் போகும். விளையாட்டாகச் சொன்னார்கள். விளையாட்டாகச் சொன்னதுதான் வினையாயிற்று.

நான்காவது நாற்காலி, சன்னலோரத்து நாற்காலி, பாண்டியனுடையது. அதில் அமர்ந்திருந்தவர் ஸ்ரீரங்கன். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சிறிய அடுக்ககத்தில் மனைவி கோமளத்தோடு வாழ்ந்தார். குழந்தைகள் இல்லை. அவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் பாதி போயின. மரப்படி ஏறுவது இனி இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

வர இயலாதவர் ஒரு தூதரை அனுப்பலாம் என்பது ஆட்டத்தின் இன்னொரு விதி. தூதர் சொன்னதைச் சொல்ல வேண்டும். தாமாக எதையும் முடிவு செய்யலாகாது. செய்தது தெரிந்தால் அந்த நகர்வுகள் அனைத்தும் செல்லாது. ஸ்ரீரங்கன் தம் மனைவியைத் தூதராக அனுப்பினார்.

முதல் சில வாரங்கள் அவரே யோசித்தார். குழறிய சொற்களைக் கோமளம் பொறுக்கியெடுத்துத் தேனாம்பேட்டைக்குக் கொண்டுபோனார். பிறகு ஒருநாள் ஸ்ரீரங்கன் மதுரையின் பெயரை மறந்தார். 'அந்த ஊர்' என்றார். இன்னொரு நாள் பாண்டியனுக்கு எத்தனை மகன்கள் என்று கேட்டார். மறுவாரம், சுவரைப் பார்த்தபடி, "நீயே பாத்துக்கோ" என்று சொல்லிக் கண்களை மூடிக்கொண்டார்.

கோமளம் பார்த்துக்கொண்டார்.

அதுவரை அந்தப் பெண்மணியிடம் எவரும் எதையும் கேட்டதில்லை. காபிக்குச் சர்க்கரை போதுமா என்று அவர்தான் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டு மணவாழ்வில், ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்த நால்வரில் ஒருவராக மதித்துத் திரும்பி, "நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று அவரைக் கேட்டவர் இல்லை. இப்போது ஞாயிறுதோறும் கேட்டார்கள். பதில் சொல்லியாக வேண்டும். சொன்னார், கணவர் பெயரால் சொன்னார். எதிர்பாராத தாக்குதல் வந்தால் ஒரு கணம் கண்களைத் தாழ்த்தி, "அதையும் சொல்லியிருக்கார்" என்பார்.

"படுத்துக்கினே பத்து வருசம் முன்னாடி பாக்குறாரே சாமி" என்று, ஸ்ரீரங்கனைச் சாமி என்றே அழைக்கும் கருணாகரன் வியந்தார். "நமக்கு நிமிந்து உக்காந்தாலும் நாளைக்கு இன்னான்னு தெரிய மாட்டுது."

அப்போதுதான் அந்தத் திருமணம் நடந்தது. சேரனுக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். பாண்டிய இளவரசனுக்குச் சேரன் மகளைக் கோமளம் கேட்டார்.

"பொண்ணுதானே, தாராளமா எடுத்துக்கோங்கோ" என்று சிரித்தார் சாய்நாத். "சீர்வரிசையா ரெண்டு யானையும் அனுப்பறேன். மாமா படுக்கையில இருக்கார், ஒரு கல்யாணமாவது பாக்கட்டும்."

"மாப்ள வீட்டுக்காரங்களுக்கு பத்திரிகை நானே அடிச்சிக் குடுக்கிறேன்" என்றார் கருணாகரன். ஷாஹுல் ஹமீது மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.

கோமளம் காத்திருந்தார். சேர குலத்துக்குப் பங்கு முறை. சாய்நாத் எவனுக்கும் இளவரசுப் பட்டம் கட்டவில்லை. சேர மன்னன் பகடையில் விழுந்தான், நாடு இரண்டாயிற்று, அண்ணனும் தம்பியும் பாலக்காட்டுக் கணவாய்க்கு அடித்துக்கொண்டார்கள், இருவரும் பிள்ளையின்றி மாண்டார்கள். ஆண்வழி அற்றது. பாண்டிய அரண்மனையில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தைக்குத் தாய்வழியாகச் சேர நாடு முழுவதும் வந்து சேர்ந்தது. ஒரு வாள் உருவப்படவில்லை. நாடிழந்த சாய்நாத், ஆட்டத்தில் தொடர்வதற்காகக் கொங்கு நாட்டில் ஒரு குறுநில மன்னனாகச் சுருங்கினார். மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். யாருக்கு? வீட்டில் படுத்திருந்தவருக்கு.

கோமளம் அன்று பேருந்தில் நின்றபடியே வந்தும் கால் வலிக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் தம்பிச் சண்டையை, குழந்தையை, கைதட்டலை. "உங்க மாதிரி ஒரு மூளை மெட்ராஸ்லயே இல்லையாம். கருணாகரன் சொன்னார்."

ஸ்ரீரங்கன் முகத்தில் நல்லபடியாக இருந்த பாதி, மெல்ல மலர்ந்தது. நீண்ட நேரம் சொற்களைத் தேடினார்.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

கோமளம் அவருடைய வாயோரத்தைத் துடைத்துவிட்டார். சமையலறைக்குப் போய் விளக்கைப் போடாமல் சற்று நேரம் நின்றார். நோயாளியின் மறதி அது என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். ஆனால் அதே நோயாளி, அதே வாரம், அண்டை வீட்டாரிடம் தம் பாண்டியன் சேரனை வென்றதைக் குழறிக் குழறிச் சொல்லிக்கொண்டிருந்தார். மறதி எதை விட்டுவைக்கிறது, எதைக் கொண்டுபோகிறது என்பதிலும் ஒரு வழக்கம் இருக்கிறது போலும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மழைக்காலத்தில் அவர் இறந்தார். மூவரும் மாலையோடு வந்தார்கள், மனமார அழுதார்கள். அதை நான் மறுக்கமாட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சக மாடியில் ஸ்ரீரங்கனின் படத்தை மாட்டி, அதன் கீழே 'சேரனை வென்ற பாண்டியன்' என்று கருணாகரன் அழகான எழுத்தில் அச்சிட்டு ஒட்டினார். கோமளத்தை அழைத்து, முதல் வரிசையில் அமரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். அதன்பின் நாற்காலி யாருக்கு என்ற பேச்சு வந்தது. பாண்டிய குலத்துக்குத் தலைமகன் முறை. மகன் இல்லை, எனவே உடன்பிறந்தான் மகன். ஸ்ரீரங்கனின் அண்ணன் மகன் பரத்வாஜ், தியாகராய நகரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்த்துவந்தான். அவனுக்கு அந்த ஆட்டத்தின் பெயர்கூடத் தெரியாது.

பூர்விகச் சொத்தில் மகனோடு மகளுக்கும் சம உரிமை என்று சட்டம் எழுதி ஏழாண்டு ஆன மாநிலத்தின் தலைநகரம் இது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கட்சிக்கு வாக்களித்த கைகள்தாம் அந்த மேசையில் இருந்தவையும். சட்டப் புத்தகத்தில் திறந்த கதவை, விளையாட்டு அட்டையில் வைத்துச் சாத்திவிட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை. கோமளமும் அன்று ஒன்றும் கேட்கவில்லை. தம்மை யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தார். தேநீர்க் குவளையை வாங்கிக்கொள்ள மட்டும் ஒருவர் திரும்பினார்.

பரத்வாஜ் நல்ல பிள்ளை. சித்தப்பாவின் நினைவுக்காக ஒப்புக்கொண்டான். முதல் ஞாயிறு மாலை கோமளத்தின் வீட்டில் தொலைபேசி ஒலித்தது. அச்சகத்துக்குக் கீழே ஒரு பெட்டிக்கடையில் காசு போட்டுப் பேசும் மஞ்சள் தொலைபேசி உண்டு, அங்கிருந்து அழைத்திருந்தான்.

"சித்தி, மானத்தை வாங்கறா. தலையும் புரியலை, வாலும் புரியலை. காஞ்சிப் பக்கம் அந்தக் கருணாகரன் மாமா குதிரை குதிரையா வைக்கறார். நான் என்ன பண்ணணும்?"

"சோழனுக்கு வயசென்ன?"

"என்னது?"

"சீட்டுல ஓரமா எழுதியிருக்கும்டா. அம்பத்தெட்டா? சரி, நீ ஒண்ணும் பண்ணாதே. இன்னும் ரெண்டு வருஷத்துல அவர் போயிடுவார். படையெல்லாம் தானா ஊருக்குத் திரும்பிடும்."

"சித்தி, நீங்க பேசறது கேக்க பயமா இருக்கு. வச்சுடறேன், காசு முடியறது."

இப்படித்தான் தொடர்ந்தது. ஞாயிறு மதியமே கோமளம் தொலைபேசிக்கு அருகில் ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்துவிடுவார். வரைபடம் அவர் மனத்தில் இருந்தது. வைகையும் பேராறும் சமையலறைத் தரையில் ஓடின. இரண்டு நிமிடம் பேசினால் ஒரு வாரத்துக்குப் போதும். பரத்வாஜ் மேலே போய்ச் சொல்லுவான், மேலே கைதட்டுவார்கள். "ரத்தத்துல வருது பாருங்க, சித்தப்பா மூள அப்படியே" என்று கருணாகரன் சொன்னதையும் அவன் கள்ளமில்லாமல் ஒப்பித்தான்.

ஒருநாள், "சித்தி, உங்க ராஜா காலி" என்றான். சேரன் மகளை மணந்து பிறகு அரியணை ஏறியிருந்த பாண்டிய மன்னன் பகடையில் இறந்துவிட்டான். மகன் சிறுவன். "இப்ப அந்தச் சேரன் பொண்ணுதான் ஆளறாளாம். தாயாட்சியாம்."

கோமளம் சிரித்தார். நெடுநாளைக்குப் பின் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

"பஜ்ஜி போட்டாளா இன்னிக்கு?" என்று கேட்டார்.

"போட்டா. வாழைக்காய்."

"என் நாற்காலி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "அவர் நாற்காலி, சன்னல் பக்கந்தானே இருக்கு? நகத்திடலையே?"

"அங்கேயேதான் இருக்கு சித்தி. அதுல ஒரே வெயில். நான் ஸ்டூல்ல உக்காந்துக்கறேன்."

நாடு அவரிடம் இருந்தது. அதை ஆளவும் செய்தார். ஆனால் அவர் கேட்டது நாட்டையா? ஞாயிற்றுக்கிழமை மாலை, மை வாசனை வீசும் ஓர் அறையில், நால்வரில் ஒருவராக அமர்வதை. எண்ணெய்க் கையோடு சீட்டைத் தொட்டதற்காக ஷாஹுல் ஹமீது சாய்நாத்தைத் திட்டுவதைக் கேட்பதை. வெயில் விழும் அந்த நாற்காலியில் வெயிலோடு இருப்பதை. தொலைபேசியில் வெற்றி வந்தது, அறை வரவில்லை. பேசிமுடித்துத் தொலைபேசியை வைத்ததும் வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

அடுத்த ஆண்டு பரத்வாஜுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. விமானம் ஏறும் முன் காலில் விழுந்து ஆசி வாங்கினான். "பாண்டியன் ஆட்டத்தை முடிச்சுடச் சொல்லிட்டேன் சித்தி. அவாளும் சரின்னுட்டா" என்றான், ஒரு தொல்லையைத் தீர்த்துவைத்த நிம்மதியோடு.

அந்த ஞாயிறு கோமளம் ஒரு நல்ல புடவை உடுத்து, ஆழ்வார்பேட்டை வழியாகப் பேருந்தில் போய், மரப்படிகளில் ஏறினார். இனி நீங்கள் அருகே வந்து நில்லுங்கள். நான் சாட்சிக்கு அழைத்தது இந்த இடத்துக்குத்தான்.

"வாங்கமா வாங்க" என்று எழுந்தார் கருணாகரன். "இன்னா இவ்ளோ தூரம் தனியா? ஒரு போன் போட்டிருந்தா ஆட்டோ அனுப்பியிருப்பேனே."

மேசைமேல் பாண்டிய நாட்டின் எல்லைகளில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டிருந்தார்கள். மூன்று பங்கு.

"வாரிசில்லாத நாடா பூடுச்சிமா" என்று அவரே விளக்கினார். "சாமி பேரச் சொல்லி எழுந்து நின்னு ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் பிரிக்கிறோம்."

"வாரிசு இல்லைன்னு யார் சொன்னா?" என்றார் கோமளம். "குழந்தை ராஜா இருக்கான். அவன் அம்மா ஆண்டுண்டிருக்கா."

"அது சரி மாமி. நாற்காலிக்குத்தானே ஆள் இல்லை" என்றார் சாய்நாத்.

"நாற்காலிக்கும் நாட்டுக்கும் ஒரே விதின்னு சொல்லித்தானே பரத்வாஜைக் கூப்ட்டேள்? அதே விதிதான் நானும் கேக்கறேன். பிள்ளைக்கு வயசு வர வரைக்கும் அம்மா ஆளலாம். பரத்வாஜ் திரும்பி வர வரைக்கும் நான் உக்காந்துக்கறேன். அவ்வளவுதான்."

கருணாகரன் தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் அல்லர், உண்மையாகவே சங்கடப்பட்டார். "அது சீட்டுக்கு எழுதினதுமா. ஆளுக்கு இல்ல."

கேட்டீர்களா? ஆண்வழி விதியைச் சீட்டிலிருந்து எடுத்து ஆளுக்குச் சூட்டியவர்கள், தாயாட்சியை மட்டும் சீட்டிலேயே விட்டுவைத்தார்கள். ஓர் ஆணுக்குக் கதவு திறக்கும்போது விளையாட்டு வாழ்க்கையாயிற்று; ஒரு பெண் அதே கதவைத் தட்டும்போது வாழ்க்கை விளையாட்டாயிற்று. இந்தத் தந்திரத்தை அவர்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை. அது நம் நாக்கில் ஊறிக்கிடக்கிறது, நினைக்காமலே வருகிறது. அதுதான் அதன் கொடுமை.

"அதோட மாமி, உக்காந்தா ஆடணுமே" என்று தேனாகச் சொன்னார் சாய்நாத். "மாமா சொல்லியனுப்பினதை வந்து சொல்றது வேற. ஆடறது வேற."

கோமளம் சன்னலோர நாற்காலியைப் பார்த்தார். அதன்மேல் பழைய அழைப்பிதழ்க் கட்டு ஒன்றை யாரோ வைத்திருந்தார்கள்.

"நான்தான் ஆடினேன்" என்றார்.

கீழே அச்சு இயந்திரம் ஞாயிறு என்பதால் ஓய்ந்திருந்தது. சாலையின் இரைச்சல் மட்டும் மாடிக்கு வந்தது.

"அவர் முதல் மாசத்தோட விட்டுட்டார். அப்பறம் எல்லாம் நான். பரத்வாஜ் ஆடினதும் நான்தான்."

"மாமி, துக்கத்துல மனசு இப்படித்தான் ஏதாவது..." என்று சாய்நாத் தொடங்கினார்.

"துக்கம் இல்லை சாய்நாத். நீ உன் ரெண்டு பிள்ளைகள்ல ஒருத்தனுக்கும் பட்டம் கட்டலை. கட்டியிருந்தா நான் உன் பொண்ணைக் கேட்டிருக்கவே மாட்டேன். உங்கப்பாவும் கட்ட மாட்டாராம். யாருக்கும் மனசு நோகக் கூடாதுன்னு கடைசி வரைக்கும் தள்ளிப்போடுவாராம். எங்காத்துக்காரர் ஒவ்வொரு வாரமும் வந்து கதை கதையாச் சொல்லுவார். நீயும் அப்படியே ஆடறேன்னு பாத்தேன். பொண்ணுன்னா ரெண்டு யானையோட குடுத்துடுவேன்னும் தெரிஞ்சுது. அதனாலதான்."

சாய்நாத்தின் முகத்திலிருந்த சிரிப்பு வைத்த இடத்திலேயே உலர்ந்தது. ஷாஹுல் ஹமீது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

கருணாகரன் எழுந்து சுவரருகே போய் நின்றார்.

"நெஜமாவே இருக்கட்டும்மா. அப்போ தூதரே ஆடினதா பூடும். அந்த ஆட்டம் முச்சூடும் செல்லாது. சேரனையும் ஜெயிக்கல, ஒண்ணும் இல்ல. இதோ, இத நான் கிழிக்கணும்." படத்தின் கீழிருந்த எழுத்துகளை விரலால் தொட்டார். "பொண்டாட்டி ஆடினா, புருசன் பேர் வாங்கிக்கினாருன்னு நாளைக்கு நாலு பேர் பேசுவான். சாமிக்கு அது வேணுமா? நீங்களே சொல்லுங்கமா. நீங்க சொன்னா கிழிச்சிர்றேன்."

அப்பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள். உண்மைக்கும் கணவர் பெயருக்கும் நடுவே அவரைத் தனியாக நிறுத்திவிட்டு, மூன்று ஆண்கள் மரியாதையோடு காத்திருந்தார்கள்.

கோமளம் படத்தைப் பார்த்தார். பக்கவாதத்துக்கு முந்தைய முகம். இரண்டு பாதியும் சிரித்துக்கொண்டிருந்தன. உயிரோடிருந்தபோது ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். 'ஆடினவள் அவள்' என்று குழறியிருந்தாலும் போதும். இளவரசுப் பட்டம் அவ்வளவுதானே. சொல்லாமல் வாங்கிக்கொண்ட பெயர் அது. அதைக் கிழிக்கும் விரல் தம்முடையதாக இருக்க அவரால் முடியவில்லை.

"வேண்டாம்" என்றார். "அவரே ஆடினதா இருக்கட்டும்."

"அதான் சரிமா" என்று பெருமூச்சு விட்டார் கருணாகரன். "நீங்க எப்ப வேணா வாங்க. இங்க குந்திக்கினு பாருங்க. உங்க வீடு மாரி. டேய், அம்மாவுக்கு டீ சொல்லு."

கோமளம் நின்றபடியே தேநீர் குடித்தார். அவர் கண்ணெதிரே பங்கு போட்டார்கள். மதுரை சோழனுக்கு, கணவாய் போசளனுக்கு, கடற்கரை கொங்குக் குறுநிலத்துக்கு. ஆண்டுகொண்டிருந்த அரசியின் சீட்டை எடுத்துக் கருணாகரன் பெட்டிக்குள் போட்டார். அந்தச் சீட்டில் பெயர் எழுதியிருக்கவில்லை. 'சேரன் மகள்' என்று மட்டும் இருந்தது.

படி இறங்கும்போது பின்னால் காலடி கேட்டது. ஷாஹுல் ஹமீது பாதிப் படிவரை வந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி," என்று தணிந்த குரலில் சொன்னார், "எனக்கு அப்பவே தெரியும். ஸ்ரீரங்கன் ஆட்டத்த எத்தினி வருசமா பாக்குறேன். நல்ல மனுசன், ஆனா பொறுமை கெடையாது. எதிரியப் பாத்தா பாஞ்சிடுவாரு. அந்தக் கல்யாணம் அவரு வேலையே இல்ல."

கோமளம் நிமிர்ந்து பார்த்தார். "இதை மேல ஏன் சொல்லலை அண்ணா?"

அவர் கைப்பிடியின் மரத்தைத் தடவினார். "பழகின எடம். எதுக்கு மனஸ்தாபம்னு..."

"சரி அண்ணா. உள்ள போங்கோ. உங்க முறை வந்திருக்கும்."

அவர் போனார். முறை வந்துதான் இருந்தது.

கோமளம் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றார். வந்த பேருந்துகளில் ஏறவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபின் தொலைபேசிக்கு அருகிலிருந்த முக்காலியைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தார். பிறகு, என்ன தோன்றியதோ, மறுபடி கொண்டுவந்து தொலைபேசிக்கு அருகிலேயே போட்டார். அந்தத் தொலைபேசி இன்றும் ஞாயிறு மாலைகளில் ஒலிப்பதில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். கருணாகரனைத் திட்டிவிட்டு நீங்கள் தப்பிக்க முடியாது. அவருக்கு உண்மை தெரியாது; தெரிந்தபோது விதி தடுத்தது. சாய்நாத்துக்குத் தோல்வி வலித்தது. ஆனால் உண்மையைத் தெரிந்தே வைத்திருந்தவர்கள் இருவர். ஒருவர் கட்டிலில் கிடந்தபடி அதை விழுங்கினார். இன்னொருவர் அதைப் படிக்கட்டில் வந்து சொன்னார். அந்த அறைக்கு வெளியே, எவர் காதிலும் விழாத இடத்தில் சொன்ன அந்த நியாயத்தால் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

உங்கள் பெயரில் வேறொருவர் ஆடிக்கொண்டிருக்கிறார். உங்கள் கடையின் கணக்கை, உங்கள் கட்டுரையின் திருத்தத்தை, உங்கள் மேடைப்பேச்சின் நல்ல வரியை, உங்கள் குடும்பத்தின் பெரிய முடிவை யார் செய்தார் என்று உங்களுக்குத் தெரியும். கைதட்டல் வந்தபோது "நான் அப்பவே நெனச்சேன்" என்று நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். அல்லது பக்கத்து நாற்காலியில் இருந்தபடி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்திருக்கிறீர்கள்.

எழுந்திருங்கள். பகடை உங்களுக்கும் உருண்டுகொண்டிருக்கிறது. எந்த ஆண்டு விழும் என்று எவருக்கும் தெரியாது. நாக்கு சுழலும்போதே, நாலு பேர் கூடியிருக்கும்போதே, அவருடைய பெயரைச் சொல்லி, ஆடியவர் இவர் என்று அறிவியுங்கள். வெயில் விழும் நாற்காலியின்மேல் கிடக்கும் அழைப்பிதழ்க் கட்டை எடுத்துக் கீழே வையுங்கள். அவர் அமரும் வரை நீங்கள் அமராதீர்கள். படிக்கட்டில் வந்து காதில் சொல்லாதீர்கள், மேசையில் சொல்லுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதீர்கள்; இன்று சொல்லுங்கள்.